மேட்டிங்குக்குக் கீழே இரண்டு கார்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

குஷன் பிரிவில் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், உங்கள் அனுபவத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். தோலை எப்படி வெட்டுவது, தையலை எப்படி மறைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. மேசையில் ஒரு வருடம் நின்றால் அதைக் கையே கற்றுக்கொள்ளும். நான் எழுதப்போவது ஒரே ஒரு காரைப் பற்றி. அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய சொகுசுக் கார்களின் உள்வேலைதான் என் தொழில். சீட்டு, கூரைத் துணி, கதவுப் பலகை, தரையில் போடும் மேட்டிங் எல்லாம். பசுமலை தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற வழியில் இந்தப் பட்டறை ஒரு தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து இங்கே இருக்கிறேன். கல்யாண ஊர்வலத்துக்காகக் கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றும் வேலை பிறகு வந்தது. நடை வேகத்தில் போக மட்டும்தான், அதற்கும் ஆர்.டி.ஓ. காகிதம் வேண்டும் என்று சொன்னால் பாதிப் பேர் அப்போதே திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேரை நான் பார்த்துக்கொள்வேன். என்னைப் பட்டறையில் சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு குஷி.

சும்மா வந்த பெயரில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் இந்தத் தொழிலில் ஒரு வருடம் தாங்கமாட்டான். “சின்ன அடிதாண்ணே, மாடு இடிச்சிருச்சு” என்பார்கள். கதவைப் பிரித்தால் லாரி இடித்த தடம் இருக்கும். “கம்பெனித் தோலு, பாலிஷ் மட்டும் போடுங்க” என்பார்கள். முதுகுப் பக்கம் பிரித்தால் டவுன் பஸ் சீட்டுக்குப் போடுகிற ரெக்சின் பல்லிளிக்கும்.

ஒருமுறை ஒருவர் நீலக் கார் ஒன்றைக் கொண்டுவந்து, நாலே நாளில் கூரையை எடுத்துத் தரவேண்டும் என்று நின்றார். வெட்டிய கூரையைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் நம் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வெட்டுகிற அன்று உரிமையாளர் சூடம் ஏற்றி, முதல் சாக்பீஸ் கோட்டைத் தன் கையாலேயே போடவேண்டும். இந்த மனிதர், “நீங்களே போட்டுருங்கண்ணே, எனக்குக் கை நேரா வராது” என்று வழிந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? ரம்பத்தை எடுக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அவருடைய மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கார் அவனுடையது. அவன் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து இவர் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று முதலாளி எனக்கு எல்லார் முன்னிலையிலும் கைகொடுத்தார். என் சந்தேகத்துக்குப் பட்டறையில் தனி மரியாதை வந்தது. அந்த மரியாதை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குச் சில வருடங்கள் கழித்துத் தவமணி வந்தார்.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தண்டவாளத்தின் மேலேயே மைல்கணக்கில் நடந்து, இணைப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கிக்கொண்டு வருகிற வேலை அது. கெண்டைக்கால் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். வெள்ளை நிறத்தில், முன்மூக்கு நீண்ட பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை அவர் மகள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சுகந்தி என்று பெயர். கால்நடை டாக்டர். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

“கூரைய எடுத்துரணும்ணே. சீட்டு சந்தன நெறத்துல. எம்மகளும் மாப்ளையும் நின்னுக்கிட்டே போகணும். எங்க தெருவுல கெளம்பி, பெரிய தெரு வழியா, கோயில் வரைக்கும்” என்றார் தவமணி.

நான் அந்தப் பக்கத்துக்காரன்தான். என் பெரியப்பா வீடு அந்தப் பெரிய தெருவில் இருக்கிறது. எந்தத் தெருக்காரர்கள் எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகலாம் என்று அந்த ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தவமணியின் அப்பா எங்கள் பெரியப்பா வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். தவமணி என்னை யாரென்று கண்டுகொண்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. நானும் கண்டுகொண்டேன். இருவரும் அதைப் பேசவில்லை.

அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: “பெரிய தெரு மாட்டுக்கெல்லாம் இப்ப எம்மகதாண்ணே ஊசி போடுது. ராத்திரி பகல்னு பாக்காமக் கூப்பிடுறாக. மாட்டுக்காகப் போற தெருவுல மாலையோட ஒரு நா போனா என்னண்ணே?”

“போகட்டும், போகட்டும்” என்றேன்.

வாய்தான் சொன்னது. உள்ளுக்குள் சி.ஐ.டி. முழித்துக்கொண்டுவிட்டார். கீமேன் வேலை பார்த்தவருக்கு இப்படிப்பட்ட கார் எப்படி வந்தது? ஓய்வுப் பணத்தில் வாங்கினேன் என்று நான் கேட்காமலேயே அவர் சொன்னார். ஏன் கேட்காமலேயே சொல்ல வேண்டும்? ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன், கொடுத்தார். பெயர் சரியாக இருந்தது. மறுநாள் இன்னொரு முறை கேட்டேன். அதற்கு மறுநாள் அசலைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று முறையும் முகம் சுளிக்காமல் பஸ் ஏறி வந்தார். முகம் சுளிக்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எல்லா வாடிக்கையாளரையும் நான் அண்ணே என்றோ சார் என்றோ கூப்பிடுவேன். அவரை ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘இந்தாங்க’ என்று எதையும் சொல்லி அழைக்காமலேயே சமாளித்தேன். அப்போது அது எனக்கே தெரியாது. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கூரையை வெட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட வேண்டும். சீட்டுகளை இறக்கி மேட்டிங்கைச் சுருட்டினேன். முன்பக்கம் அதற்கு அடியில் கறுப்புக் கம்பளி அட்டை இருந்தது. பின்பக்கம் பழுப்பு. ஒரே காருக்கு எந்தக் கம்பெனியும் இரண்டு நிறத்தில் அட்டை போடாது. மண்டியிட்டு உட்கார்ந்து, தரைத் தகட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு தட்டியது. மேலே தார் பூசியிருந்தார்கள். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால், மேடுபள்ளம் மறைக்கப் பூசிய பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே, இந்தக் கதவுக்கட்டில் தொடங்கி அந்தக் கதவுக்கட்டு வரைக்கும் குறுக்காக ஒரு வெல்டிங் கோடு ஓடியது.

புரிகிறதா? அது ஒரு கார் இல்லை, இரண்டு. பின்னால் நசுங்கிய ஒரு காரின் முன்பாதியையும், முன்னால் நசுங்கிய இன்னொரு காரின் பின்பாதியையும் சேர்த்து ஒட்டி, பெயிண்ட் அடித்து யாரோ விற்றிருக்கிறார்கள். கூரை இருக்கும்வரை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையை எடுத்தால் ஒடித்த முருங்கைக்காய் நாரில் தொங்குகிற கதைதான். அதில் மணமக்கள் நின்றுகொண்டு போக வேண்டுமாம்.

வெல்டர் செல்வத்தைக் கூப்பிட்டேன். இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவன், அதிகம் பேசமாட்டான். கிரைண்டரை எடுத்து அந்தக் கோட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்த்துப் பார்த்தான்.

“மேல்தோல்ல மட்டுந்தாண்ணே பிடிச்சிருக்கு. உள்ள எறங்கவே இல்ல. சும்மா நின்னா நிக்கும். குண்டுங்குழியில எறங்கினா சொல்ல முடியாது. அவுகளுக்குப் போனப் போடுங்க.”

“பொறு” என்றேன்.

“எதுக்குண்ணே பொறுக்கணும்?”

“பொறுன்னா பொறு.”

என் மனதில் ஓடியதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். இந்த ஆளுக்கு இது தெரியும் என்று நினைத்தேன். ஒட்டுக் காரைத் தெரிந்தே கொண்டுவந்திருக்கிறான், நாம் கூரையை வெட்டுவோம், கார் மடங்கும், நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று நம் தலையில் கட்டுவான். பெரிய தெருக்காரன் வேண்டுமென்றே என் மகள் ஊர்வலத்தைக் கெடுத்துவிட்டான் என்பான். நாளைக்கு ஒரு கூட்டம் கேட்டில் வந்து நிற்கும். போலீசில் புகார் போகும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். ‘அவன்’ என்றுதான் மனதுக்குள் சொன்னேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகவே சாட்சி சேர்க்கத் தொடங்கினேன். அந்தக் கோட்டை நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தேன், தேதியும் மணியும் விழுகிற மாதிரி. அட்டையில் ஒரு துண்டு கிழித்துக் கவரில் போட்டுக் கையெழுத்திட்டேன். செல்வத்திடமும் கையெழுத்துக் கேட்டேன். “இதுல கையெழுத்துப் போடுற நேரத்துக்கு ஒரு போனப் போட்டிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே போட்டான். பிறகு, நாம் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று, மேட்டிங்கை விரித்து, சீட்டுகளை மறுபடி மாட்டி, நட்டுப் போல்ட்டெல்லாம் இறுக்கி, வந்தது வந்தபடி ஆக்கி வைத்தேன். சுத்தமான வேலை. என்னைத் தவிர வேறு யாராலும் அப்படி ஒன்றும் நடக்காத மாதிரி மூடியிருக்க முடியாது.

ஆபீசில் இருந்த மீனாவிடமும் சொல்லவில்லை. முதலாளி ஊரில் இல்லை, அவரிடமும் சொல்லவில்லை. விஷயம் வெளியே கசிந்துவிடும் என்று பயம். மறுநாள் முழுவதும் காரை விற்ற புரோக்கர் யாரென்று போனிலேயே விசாரித்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் ஆளைத் தேடித் திருமங்கலம் பக்கம் கிளம்பினேன். தவமணியும் புரோக்கரும் கூட்டு என்று ஒரு துப்புக் கிடைத்தால் போதும் என்று இருந்தது. புரோக்கரின் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டேன்.

“அந்தாளா? கடையக் காலி பண்ணி மாசமாச்சு. போன வாரங்கூட ஒருத்தர் தேடி வந்தாரு, ரயில்வேக்காரர்னு நெனைக்கிறேன். டயர் ஒரு பக்கமாத் தேயுதுன்னு கேக்க வந்தாராம்.”

டீக்கடைக்காரர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வடையை எடுக்கப் போனார். ஒட்டுக் கார் என்று தெரிந்தவர் டயர் ஏன் தேய்கிறது என்று கேட்க இவ்வளவு தூரம் வரமாட்டார்.

பட்டறைக்குத் திரும்பினேன். கார் நின்ற இடம் காலியாக இருந்தது.

மீனாதான் சொன்னாள். காலையில் தவமணி மகளோடு வந்திருக்கிறார். கல்யாணத்தின் முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும், சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ஒரு நாளைக்குக் காரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

“அவுக காரத்தான அவுக கேக்குறாகன்னு சாவியக் குடுத்தேன் சார். உள்ள எட்டிப் பாத்தேன். சீட்டெல்லாம் போட்டபடி இருந்துச்சு. கழட்டியிருந்தா குடுத்திருப்பேனா?”

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. சீட்டுகளைக் கழற்றியபடி விட்டிருந்தால் அந்தக் கார் நகர்ந்திருக்காது. செல்வம் கேஸ் சிலிண்டர் மாற்றப் போயிருந்தான், அவன் இருந்திருந்தாலும் நகர்ந்திருக்காது. நான் பார்த்துப் பார்த்து மூடி வைத்ததால்தான் அது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாண் வெல்டிங்கை வேறு நாமே தேய்த்து விட்டிருக்கிறோம்.

போனை எடுத்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் இம்புட்டும் எழுதுகிறேன். எண் கண் முன்னால் இருந்தது, விரல் அழுத்தவில்லை. என்ன சொல்வது? கார் ஒட்டுக் கார் என்றால், எப்போது தெரியும் என்று கேட்பார். முந்தாநாளே தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்பார். இப்போது நான் போனில் சொல்வதே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிடாதா? ஐந்து பேர் அந்தக் காருக்குள் இருக்கிறார்கள், நான் வாசலில் நின்று பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரோடு வந்து இறங்கிய செல்வம் காலி இடத்தையும் என்னையும் பார்த்தான். உடனே பைக்கைத் திருப்பி நிறுத்தினான்.

முதல் முறை தவமணி எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தார். பின்னால் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது.

“சொல்லுங்கண்ணே. சமயநல்லூர் தாண்டிட்டோம்.”

“வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க. இப்பவே.”

“என்னண்ணே?”

“ஆயில்... ஆயில் லீக்காகுது. ஓட்டுனா எஞ்சின் போயிரும். மெதுவா ஓரங்கட்டுங்க. நாங்க வாரோம்.”

அப்போதுகூடப் பொய்தான் சொன்னேன். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். செல்வத்தின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் போனேன். எதிரே ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு மதுரைப் பக்கம் போனது. அது கடந்து போகும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

நாலு வழிச் சாலையின் ஓரத்தில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கார் நின்றது. ஐந்து பேரும் உயிரோடு வெளியே நின்றார்கள். நிறுத்திய பிறகு பின்கதவுகள் இரண்டும் திறக்கவே இல்லையாம். கார் நடுவில் தொய்ந்து, கதவைக் கட்டோடு கவ்விப் பிடித்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் முன்சீட்டின் மேல் ஏறித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் கிழிந்த பட்டுச் சேலை ஓரத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். தவமணியின் மனைவி அவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

தவமணி மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயில் ஒரு சொட்டுக்கூட இல்லையேண்ணே” என்றார், எழுந்திருக்காமலே.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்வம் முன்கதவு வழியாக உள்ளே புகுந்து, முன்சீட்டைத் தள்ளி, மேட்டிங்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். “வந்து பாருங்கண்ணே” என்று தவமணியைக் கூப்பிட்டான்.

நாங்கள் தேய்த்த இடத்தில் இப்போது விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அதன் வழியாகக் கீழே தார்ச்சாலை தெரிந்தது. தவமணி வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை அந்தக் கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓட்டினார்.

“தேச்ச எடம் புதுசா மின்னுதே. எப்ப தேச்சது?”

“இன்னிக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“முந்தாநேத்துண்ணே” என்றான் செல்வம்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நோயாளி மாட்டைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். “முந்தாநாளே தெரியுமா சார்? தெரிஞ்சுதான் திரும்ப மூடி வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் மாமியாராகப் போகிறவரின் சேலைக்கு ஊக்கு தேடப் போய்விட்டாள்.

தவமணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“முப்பது வருசம் லைன்ல நடந்திருக்கேன். தண்டவாளத்துல விரிசலப் பாத்தா மொத வேலை செவப்புக் கொடிதாண்ணே. பேப்பர்ல எழுதுறதெல்லாம் அதுக்கப்புறம். யாரு செஞ்ச தப்புன்னு அப்புறம் பாத்துக்கிரலாம். வாரது எந்த வண்டி, உள்ள ஒக்காந்திருக்கது எந்தத் தெரு ஆளுகன்னு கேட்டுக்கிட்டு எவனும் கொடி காட்டுறதில்ல.”

எனக்கு அங்கேயே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. பெரிய தெருவிலிருந்து யாராவது அந்தக் காரைக் கொண்டுவந்திருந்தால், ஸ்குரூடிரைவரைக் கீழே வைப்பதற்கு முன்பே போன் போட்டிருப்பேன். இரண்டு நாள் யோசித்திருக்க மாட்டேன்.

அவர்கள் வாடகை வண்டி பிடித்துக் குலசாமி கோயிலுக்குப் போனார்கள். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தோம். கல்யாணத்துக்குள் அதைச் சரி செய்ய வழியே இல்லை என்று செல்வம் சொல்லிவிட்டான். நான் வேறொரு திறந்த காருக்கு ஏற்பாடு செய்கிறேன், எல்லாம் என் பொறுப்பு என்று தவமணிக்குப் போன் செய்தேன். “இரவல் வண்டி வேணாம்ணே” என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காரைப் பார்க்க வந்தார். நான் செய்த தப்புக்கு ஏதாவது ஈடு செய்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்த அவசரத்தில் இன்னொரு தப்பையும் செய்தேன். “செல்வம் கோட்டை மறுபடி வெல்டு வச்சுருவான். நான் புது மேட்டிங் போட்டு, யாருக்கும் தெரியாதபடி மூடித் தாரேன். வித்துப்புட்டா போட்ட பணமாவது வந்துரும்” என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன், நம்புங்கள்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“அத வாங்குறவனுக்கும் ஒரு மக இருக்கும்லண்ணே?”

பிறகு செல்வத்திடம் திரும்பினார். “தம்பி, அந்தக் கோட்டுலயே ரெண்டா வெட்டிருங்க. மறுபடி எவனும் ஒட்ட முடியாதபடி வெட்டுங்க. பழைய இரும்புக்குப் போட்டுருவோம்.”

செல்வம் வெட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை. இரண்டு பாதியும் தனித்தனியாகச் சாய்ந்து விழுந்ததும், “வாரேன் தம்பி” என்று செல்வத்திடம் சொல்லிவிட்டு நடந்தார்.

தம்பி தங்கைகளே, சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். காருக்குள் எதையும் நம்பாதீர்கள், தகட்டைத் தடவிப் பாருங்கள், பட்டியைச் சுரண்டுங்கள். ஆனால் கையில் ஒன்று தட்டுப்பட்டால், கையைத் துடைப்பதற்கு முன் உரியவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் திருடனாக இருந்தாலும் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் நான் சேர்த்த சாட்சியெல்லாம் சுத்தமானது, எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். அந்த ஐந்து பேரும் செத்துப்போயிருந்தால் எனக்கு நன்றாகப் பயன்பட்டிருக்கும்.

கல்யாணப் பத்திரிகை பட்டறைக்கு வந்தது. உறையின் மேல் செல்வத்தின் பெயரும் மீனாவின் பெயரும் இருந்தன. இருவரும் போய்விட்டு வந்தார்கள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் செல்வம் தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை எடுத்து மேசையில் வைத்தான்.

“காரெல்லாம் இல்லண்ணே. பொண்ணும் மாப்ளையும் நடந்தே வந்தாக. மேளத்தோட, பெரிய தெரு முழுக்க. ஊசி போட்ட வீட்டுக்காரவுக ரெண்டு மூணு பேரு வாசல்ல தண்ணி தெளிச்சு வச்சிருந்தாக. மத்தவுக உள்ள இருந்துக்கிட்டாக. அந்தப் பிள்ள வெறுங்கால்ல நிமிர்ந்து நடந்துச்சு. எங்களப் பாத்ததும் கூட்டத்துலருந்து வெலகி வந்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லுச்சு.”

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“என்னையப் பத்தி எதும் கேட்டாகளா?”

செல்வம் தேங்காயை உரிக்கத் தொடங்கினான்.

“கேக்கலண்ணே” என்றான்.